தராசுக்கு மச்சான் கிடையாது

கட்டியவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். எழுதினால் குறையும் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன்: பாண்டுரங்கன். செஞ்சி கடைத்தெருவில் மளிகைக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்தபடி பதினோரு வருஷம் அவர் வியாபாரத்தைக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, மனிதர் வாயில் கெட்டிக்காரர். கடைக்கு வந்து எவனாவது கோணலாக நியாயம் பேசினால் அங்கேயே பிடித்து நிறுத்திவிடுவார்.

தளவானூர் பாவாடை ஒருநாள் கத்திக்கொண்டே வந்தான். "உன் கடை புண்ணாக்கு வாங்கினு போனேன், மறுநாளே மாடு படுத்துக்கிச்சு!"

"அன்னிக்கு உன் வூட்டுக் கூரைல காக்காகூட கத்தியிருக்கும். அதையும் போய்க் கேட்டியா?" என்றார் இவர். "முன்னாடி நடந்ததெல்லாம் காரணமாயிடுமா? இதே மூட்டைல வாங்கின மத்த மாடெல்லாம் நல்லாத்தானே இருக்குது?"

தொண்டூர் ரத்தினம்மாள், கிலோ வந்து இத்தனை வருஷமாகியும், தாத்தா காலத்திலிருந்து வீசைதான் என்று அழிச்சாட்டியம் செய்வாள். "உங்க தாத்தா காலத்துல பஸ்ஸும்தான் இல்ல. நீ நடந்தா வந்த?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தார். வேறொருவன், வழுக்கைத்தலையன் விற்கிற தேங்காயெண்ணெயை எப்படி நம்புவது என்றான். இவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மண்டையப் பாக்காத, எண்ணெயப் பாரு." நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஒரு பெரிய மனிதரின் மச்சான், நான் யார் தெரியுமா என்று அதட்டி எடையைக் கூட்டச் சொன்னபோது இவர் அசையவில்லை. "தராசுக்கு மச்சான் கெடையாதுங்க" என்றார்.

இப்படிப்பட்டவர் அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் புத்தியைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார் என்பது எனக்கு அறுபத்தேழாம் வருஷம்தான் தெரிந்தது.

ஐந்தாவது குழந்தை பிறந்து மூன்று மாதம். டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். "உடம்புல ரத்தமே இல்லையேம்மா. இன்னொரு பிரசவம்னா குழந்தை வேணா வீட்டுக்குப் போகும், நீ போக மாட்டே. உனக்கு ஆபரேஷன் பண்ணவும் உடம்பு தாங்காது. வெள்ளிக்கிழமை குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் வச்சிருக்கோம், வீட்டுக்காரரை அனுப்பு. அவருக்குப் பத்து நிமிஷ வேலை."

எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. சாக எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான் விஷயம்.

புதன்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"பைத்தியமா உனக்கு? மேல்சித்தாமூர் பக்கம் ஒருத்தன் பண்ணிக்கினான். ஒரே மாசம், கெணத்துல வுழுந்து செத்தான்."

"அன்னிக்குக் காக்காகூட கத்தியிருக்கும்" என்றேன். "அதையும் போய்க் கேட்டாங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். எங்கேயோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று ஒரு முழி.

"எங்க நைனா காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?"

"பஸ்ஸும்தான் இல்ல. சரக்கெடுக்கத் திண்டிவனத்துக்கு நடந்தா போறீங்க?"

"அந்த டாக்டரம்மாவுக்கே கல்யாணம் ஆவல. அதுக்கு இன்னா தெரியும்?"

"மண்டையப் பாக்காதீங்க, எண்ணெயப் பாருங்க."

இடது கை தானாக வழுக்கைக்குப் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஊரே சிரிக்கும்டி."

"ஊருன்னா யாரு? ஒரு பேரு சொல்லுங்க."

"எதிர்க்கடை விநாயகம் சிரிப்பான்."

"அவரு மொத சம்சாரம் எதுல செத்துச்சு?"

ரசம் ஊற்றினேன். ஆறாவது பிரசவத்தில் செத்தாள். பாடை தூக்கிக்கொண்டு போனவர்களில் இவரும் ஒருவர்.

ரசச் சோற்றைக் குழைத்து இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு வீராவேசமாக ஒன்றைக் கண்டுபிடித்தார். "எங்க நைனா இப்படிப் பண்ணிக்கினு இருந்தா ஏழாவது புள்ள நான் பொறந்திருப்பனா?"

இதற்குக் கடையில் பதில் கேட்ட ஞாபகம் இல்லை. சொந்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பொறந்திருக்க மாட்டீங்க. நான் வேற எடம் பார்த்துக் கட்டிக்கினிருப்பேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் ஆம்பள. வாணாம்னா வாணாம்."

"தராசுக்கு மச்சான் கெடையாதுங்க."

அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. கை கழுவப் போனவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு, சொம்பிடம் பேசுகிறவர் மாதிரி சொன்னார்.

"பயமா இருக்குது, லட்சுமி. கத்தி வைப்பாங்களாமே."

இதை மட்டும் கடைக்கு வந்த யாரும் சொன்னதில்லை. இதற்கு அவரிடம் கற்ற பதில் எதுவும் என்னிடம் இல்லை. அத்தனை நேரம் அவர் பேசியதில் கோணல் இல்லாதது இது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கும்தான்" என்றேன். "அஞ்சு வாட்டி. பயமா இருக்குதான்னு ஒரு வாட்டிகூட நீங்க கேக்கல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றும் மறுநாளும் அந்தக் கதவுக்குப் பின்னால் நான் கேட்டது தராசுத் தட்டின் சத்தம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்கவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "வரியா?" என்றார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். கடைத்தெருவே பார்த்தது. விநாயகம் மட்டும் தலையைக் குனிந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

முகாமில் பெயர் எழுதுகிறவர், "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"யாரும் சொல்லல. நானே யோசிச்சுப் பார்த்தேன். நியாயமாப் பட்டுது."

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. பேர் அவருக்கே போகட்டும், உயிர் எனக்கு இருந்தால் போதும்.