அரை நோன்பும் ஒரு குளிசையும்

1

இந்தக் கதை, சரி போடப்பட்ட மூன்று வாக்கியங்களிலிருந்து வந்தது.

வியாழக்கிழமை பின்னேரங்களில் கல்முனையில் நான் சிங்கள வகுப்புக்குப் போகிறேன். அரச வேலை உறுதியாக வேண்டுமென்றால் சிங்களப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். வகுப்பு நடத்தும் சேர் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். கற்பனை வேண்டாம், நடந்ததை மட்டும் சிறு வாக்கியங்களில் எழுதினால் போதும். போன வாரம் நான் சிங்களத்தில் எழுதியது தமிழில் இப்படி வரும்:

டீச்சர் பிள்ளைக்கு மருந்து கொடுக்கவில்லை. பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பிள்ளை இப்போது சுகம்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சுபைறாவின் மகளுக்கு நடந்தது அது. ஒழுங்கையில் கேட்டதை அப்படியே எழுதினேன். சேர் மூன்று வாக்கியங்களுக்கும் சரி போட்டார். பக்கத்தில் இருந்த கிருசாந்தி அக்கா என் கொப்பியை எட்டிப் பார்த்தார். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக்காரர், இங்கே ஒரு முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிறார். எந்தப் பாடசாலை என்று நான் கேட்டு வைத்ததில்லை.

"இப்பிடியும் சொல்லலாந்தான்," என்றார். பிறகு, "அந்த டீச்சர் நான்தான்," என்றார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

அனல் பறக்கும் அந்த மதியத்தில், கடற்காற்றும் அடங்கிப்போன ஐந்தாம் வகுப்பில், வெண்ணிறப் பர்தாவுக்குள் ஒரு சின்னஞ்சிறு நெஞ்சம்

[கைவிட்டேன். அந்த வகுப்பில் நான் இருக்கவில்லை. காற்று அடித்ததா என்று அக்காவிடம் போனில் கேட்டேன். "ஃபேன் வேல செய்யல்ல, அது மட்டும் ஞாபகம்," என்றார்.]

கிருசாந்தி ஒரு நல்ல ஆசிரியை. அவள்

[இதையும் கைவிட்டேன். தேநீர் இடைவேளையில் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கும்போதே அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "எழுதிறெண்டா எழுது புள்ள. ஆனா என்ன நல்லவளாக்கிப் போடாத. மறுகா எனக்கு அதுக்கேத்த மாதிரி நடக்க ஏலா."]

ஆகவே தகவலிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஸப்னா ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறவள். பாடசாலை விட்ட பிறகும் அந்த வகுப்புக்கு மட்டும் பின்னேரம் வரை பாடம் நடக்கும். அவளுக்கு வலிப்பு நோய். காலை, பகல், இரவு என்று குளிசை. காலையும் இரவும் வீட்டில். பகல் குளிசையை வகுப்பாசிரியையான கிருசாந்தி அக்கா கொடுப்பார். வாப்பா கட்டாரில், உம்மா சுபைறா மருதமுனையில் தறி நெய்யப் போகிறவர். பகலில் வந்துபோக வழியில்லை என்று வருடத் தொடக்கத்தில் குளிசை அட்டையைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு கேட்டதும் ஸப்னா ஆசிரியர் அறை வாசலுக்கு வருவாள். அக்கா குளிசையைக் கொடுப்பார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து "ஆ" காட்டிவிட்டு, சோறு சாப்பிடப் போவாள். பாங்குதான் அவர்களுக்கு மணிக்கூடு. நோன்புப் பெருநாள் லீவு முடிந்து பாடசாலை திறந்த வாரத்துத் திங்கட்கிழமை வரைக்கும் அது பிழைத்ததில்லை.

4

திங்கட்கிழமை பாங்கு கேட்டது. ஸப்னா வரவில்லை. அக்கா குளிசையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

"எங்க மள நீ? பாங்கும் சொல்லிற்றாங்க."

"நான் நோன்பு டீச்சர்."

"நோன்போ? பெருநாளும் முடிஞ்சிற்றே."

பக்கத்திலிருந்த றுமைஸா இடையில் புகுந்தாள். "இது ஆறு நோன்பு டீச்சர். பெருநாளுக்குப் பொறகு பிடிக்கிற. நானும் நோன்புதான். டீச்சருக்கு இதும் தெரியாதா?"

"எனக்கெங்க புள்ள தெரியும்? நாங்க கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பிடிக்கிற." வகுப்பு சிரித்தது. அக்கா ஸப்னாவின் பக்கம் கிறுகினார். "அப்ப இந்தச் சாப்பாட்டுப் பெட்டி என்னத்துக்கு?"

"நோன்பு தொறக்க."

"உம்மாக்குத் தெரியுமா?"

"ஓம். உம்மாதான் சஹருக்கு எழுப்பின."

அக்கா தண்ணீரை மேசையில் வைத்தார். பிறகு குளிசையை ஒரு கடதாசித் துண்டில் சுற்றி ஸப்னாவின் பென்சில் பெட்டிக்குள் வைத்தார். "நோன்பு தொறந்தோன்ன முதல் வேலையா இதக் குடிக்க வேணும். உம்மாட்டயும் சொல்லு."

5

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முஸ்லிம் வாசகர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அது அரை நோன்பு.

பெரியவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. சின்னப் பிள்ளைகளை நோன்புக்குப் பழக்குவதற்காக வீடுகளில் செய்வது. விடியுமுன் சஹருக்கு எழும்பி எல்லோரோடும் சாப்பிடுவார்கள். ளுஹர் பாங்கோடு நோன்பைத் திறந்துவிடுவார்கள். (இன்றைக்கு அரை, நாளைக்கு அரை, இரண்டையும் தைத்தால் ஒரு முழு நோன்பு என்று என் உம்மா சொல்வார். நான் அதை நம்பி ஊசிநூல் எடுத்து வைத்த பிள்ளை.) சுபைறா மகளிடம் சொல்லி அனுப்பியதும் அதைத்தான்: பாங்கு சொன்னதும் டீச்சர் தரும் குளிசையைக் குடித்து நோன்பைத் திற, சோற்றைச் சாப்பிடு. ஆறு நோன்பு பிடிக்க அழுத பிள்ளைக்கு, குளிசை நேரத்தையே நோன்பின் எல்லையாக வைத்த தாய். யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

றுமைஸா முழு நோன்பு. அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு "நான் அரை" என்று சொல்ல ஸப்னாவுக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் சொன்ன பதில்கள் எல்லாம் உண்மை. நோன்புதான். உம்மாதான் எழுப்பினார். பெட்டி நோன்பு திறக்கத்தான். இதில் எந்த இடத்தில் ஒருவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்?

சாப்பாட்டுப் பெட்டியைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அது இருந்தால் அக்கா ஏமாளியாகத் தெரிகிறார். எடுத்தால் கதை இலகுவாகிவிடும். ஆனால் அதைச் சொன்னது அக்காவேதான், நான் கேட்கவில்லை. ஆகவே பெட்டி இருக்கட்டும்.*

* இன்னொரு சந்தேகமும் வந்தது. இந்த டீச்சரை முஸ்லிமாக மாற்றினால் என்ன? மாற்றிப் பார்த்தேன். "குளிசை குடிக்கிற வருத்தக்காரிக்கு என்னடி நோன்பு, ஆவெண்டு வாயத் தொற," என்று அந்த டீச்சர் சொல்லிவிட்டார். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

6

பின்னேர வகுப்பில், கணக்குப் பாடத்தின் நடுவில் ஸப்னா உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து விழுந்தாள். புருவம் வாங்கின் விளிம்பில் பட்டது. அக்கா ஓடிப்போய் அவளை ஒரு பக்கமாகத் திருப்பி, தலைக்குக் கீழே புத்தகப் பையை வைத்துக்கொண்டு, வலிப்பு அடங்கும்வரை பக்கத்தில் இருந்தார். பிறகு ஓட்டோவில் ஆஸ்பத்திரி. புருவத்தில் தையல். தூக்கம் குறைந்தது, பட்டினி கிடந்தது, குளிசை தவறியது, இதில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

இதை அழுத்தி எழுதினால் வாசகர் அழலாம். அக்கா எனக்குச் சொன்ன அளவுக்கு மேல் எழுதவில்லை.

7

புதன்கிழமை சுபைறா பாடசாலைக்கு வந்தார். ஆசிரியர் அறையில் கிருசாந்தி அக்காவும், மேல் வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பிக்கும் ஜெமீல் சேரும், அதிபர் ஷரிபுதீன் சேரும் இருந்தார்கள்.

நான் முதலில் சுபைறாவைச் சத்தம் போட வைத்தேன். பிறகு அழ வைத்தேன். இரண்டும் நடக்கவில்லையாம். நடந்தது இதுதான்:

"நான் உங்கள நம்பித்தானே டீச்சர் அவளுக்கு அரை நோன்பு குடுத்தன். நீங்க தாற குளிசையோட முடிஞ்சிரும் எண்டு."

"அரை நோன்பு எண்டு ஒண்டு இருக்கிறதே எனக்குத் தெரியாது."

ஜெமீல் சேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன டீச்சர் நீங்க! இவ்வளவு காலம் எங்களோட இருந்து பெருநாளைக்குத் தாற வட்டிலப்பம் மட்டுந்தான் தெரியுமா? ஒரு சொல்லு எங்களிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம் சேர்," என்றார் அக்கா. "நோன்பு பிடிச்ச புள்ளைக்கு அந்தத் தமிழ் டீச்சர் குளிசை தீத்தி நோன்ப முறிக்கப் பாத்தா எண்டு அடுத்த நாள் ஊருக்குள்ள கதை வந்திருந்தா, அதுக்கு நீங்க பதில் சொல்லியிருப்பீங்களா?"

ஜெமீல் சேர் சிரிப்பை நிறுத்தினார்.

இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க எழுதி வெட்டினேன். அதில் தமிழ், முஸ்லிம் ஊர்களைப் பற்றியும் அவற்றுக்கிடையில் ஓடும் ஒரே வீதியைப் பற்றியும் பெரிய வசனங்கள் இருந்தன. ஜெமீல் சேர் சிரிப்பை நிறுத்தினார் என்பது போதும்.

கடைசியில் அதிபர் சொன்னார்: "இனி இந்தப் பள்ளிக்கூடத்தில ஆரும் ஒரு புள்ளைக்கும் மருந்து குடுக்க வேணாம். ஏதும் ஆகினா ஆர் பொறுப்பு?"

"அப்ப அவள் பின்னேர வகுப்புக்கு எப்பிடி சேர் இருக்கிற?" என்றார் சுபைறா. "நான் வந்து குடுக்கிறெண்டா தறிய விட வேணும். தறிய விட்டா வேற ஆள் ஏறிரும்."

"நீங்களே யோசிச்சுக் கொள்ளுங்க. நான் வேணாமெண்டுதான் சொல்லுவன்." எழும்பியவர், அக்காவைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். "அதுக்கு மேல ஆரும் குடுத்தா, அவங்கட பொறுப்பு."

அந்தக் கடைசி வசனம் தடையா, அனுமதியா? அக்காவும் நானும் தேநீர் ஆறிப்போகும் வரை அதைப் பற்றிக் கதைத்தோம். முடிவுக்கு வரவில்லை.

8

வியாழக்கிழமை, எங்கள் சிங்கள வகுப்பு இருந்த அன்றே, ஸப்னா பாடசாலைக்கு வந்தாள். புருவத்தில் வெள்ளைப் பிளாஸ்டர். ளுஹர் பாங்கு கேட்டது. வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் புதுக் குளிசை அட்டை, உம்மா தந்துவிட்டிருக்கிறார். மறு கையில் சாப்பாட்டுப் பெட்டி, திறந்தபடி. சோறு பாதி சாப்பிட்டிருந்தது.

வழக்கமாகக் குளிசைக்குப் பிறகுதான் சோறு. அன்று முதலில் சோறு.

"பாருங்க டீச்சர், சாப்பிட்டுத்தான் வந்திருக்கன்," என்று வாயைத் திறந்து காட்டினாள். நாக்கில் பருக்கை இருந்தது. "ஆ."

பிள்ளை வாயை மூடினாள்.

"அண்டைக்கு நான் அரை எண்டு சொல்லல்ல. அதுக்காக இனித் தரமாட்டீங்களா?"

அக்கா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிங்கள வகுப்புச் சேர் எங்களை உள்ளே கூப்பிட்டார். "மறுகா என்ன அக்கா செய்த?" என்று கேட்டேன்.

"நீ எழுதி முடிச்சுக் கொண்டு வா. நான் செய்ததோட ஒத்து வருதா எண்டு பாப்பம்."

"ஒத்து வராட்டி?"

"ஒத்து வராட்டி, உனக்கு என்னத் தெரியல்ல. இல்லாட்டி எனக்கே என்னத் தெரியல்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அவர் சிங்களத்தில் ஒரு வாக்கியமும் எழுதவில்லை.

9

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அக்கா அட்டையை வாங்குகிறார். ஒரு குளிசையை உடைத்தெடுத்துக் கொடுக்கிறார். ஸப்னா விழுங்குகிறாள். ஜன்னலுக்கு அப்பால் அதிபர் கண்டும் காணாமல் போகிறார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயம். இதில் எல்லோரும் நல்லவர்கள். அக்காவின் நிபந்தனையை நான் மீறிவிடுகிறேன். அடுத்த முறை பிள்ளை விழும்போது பக்கத்தில் நிற்கப்போவது நானல்ல, அவர். அவருடைய கையை எடுத்து நீட்ட எனக்கு என்ன உரிமை?

இரண்டு: அக்கா வாங்கவில்லை. "அதிபர் சேர் வேணாமெண்டுற்றார் மள," என்கிறார். இதில் பொய் இல்லை. யாரும் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஸப்னா சாப்பாட்டுப் பெட்டியை மூடி, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பின்னேர வகுப்பு நடக்கும் பக்கம் பார்க்காமல் பாடசாலை வாசலை நோக்கி

[இதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்று முறை முயன்றேன்.]

நாளைக்கு வியாழக்கிழமை. அக்கா என் கொப்பியைக் கேட்பார். இந்த வாரம் சுபைறாவை ஒழுங்கையில் இரண்டு தடவை கண்டேன். ஒரு கேள்வியில் முடிவு தெரிந்துவிடும். கேட்கவில்லை. தெரிந்துகொண்டு எழுதினால் அது மீண்டும் சரி போடக்கூடிய வாக்கியமாகிவிடும்.

ஆகவே எழும்புகிறேன். என் கதிரை மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, வாசிக்கிற நீங்கள் அக்காவின் இடத்தில் உட்காரலாம். பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. தண்ணீர் உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. அதிபரின் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. பிள்ளை சாப்பிட்டுவிட்டாள், அதை நீங்களே பார்த்தீர்கள். அவள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.