கதவுக்குப் பின்னால் முப்பத்தொன்பதரை

மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நிற்பதில்லை என்பது அம்மாக்கண்ணுவின் சட்டம். மகள் வெற்றிச்செல்வியைக் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. இன்னமும் மாப்பிள்ளை ராசாங்கம் கூடத்தில் இருந்தால் அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான். வேண்டுமா, போதுமா என்பதெல்லாம் கதவு வழியாகத்தான் நடக்கும். மகள் மூன்று நாள் பயிற்சிக்குத் திருச்சி போயிருந்தாள். மாப்பிள்ளை ஓட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று செந்துறையிலிருந்து பஸ் ஏறி அரியலூர் வந்த மனுஷிக்கு, வந்த மறுநாளே காய்ச்சல்.

ராசாங்கத்துக்கு ஒரு சிமென்ட் ஆலையில் வேலை. ஆயிரத்து நானூறு டிகிரிச் சூளையின் சூட்டை மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்துச் சூட்டில் வைத்தால் துளி மின்சாரம் பிறக்கும், அதை அளந்தால் சூடு தெரியும் என்று எதிரில் அகப்பட்டவருக்கெல்லாம் சொல்லுவான். அப்பேர்ப்பட்டவனால் சொந்த மாமியாரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் தெர்மாமீட்டரைக் கதவோரம் நீட்டினான். அக்குளில் வைத்துப் பார்த்து, நூறைத் தாண்டினால் சொல்லுங்கள் என்றான்.

"நூறுகூட இல்லீங்க மாப்ள. நீங்க வேலைக்குப் போங்க."

அவனும் போய்விட்டான். பத்து மணிக்கு மனசு கேட்காமல் போன் போட்டு, சரியாக எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான்.

"காலையில முப்பத்தெட்டுங்க. இப்ப முப்பத்தொம்பதரை. வெயிலே நாப்பத்தொண்ணுன்னு டிவியில சொன்னாங்க, எனக்கு அதுகூட இல்ல. நூறுக்கு இன்னும் எம்புட்டோ கெடக்கு."

ராசாங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. தெர்மாமீட்டரின் பொத்தானை டிவி ரிமோட் பொத்தானைப் போல விடாமல் அமுக்கியிருக்கிறாள். அது பாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு மாறிவிட்டது. நம் ஊர் வழக்கமும் அப்படி. வெயிலை ஒரு கணக்கில் சொல்வோம், காய்ச்சலை இன்னொரு கணக்கில் சொல்வோம். ஐஸ் உருகும் இடத்தைச் செல்சியஸ் பூஜ்யம் என்னும், பாரன்ஹீட் முப்பத்திரண்டு என்னும். தண்ணீர் கொதிப்பது இதில் நூறு, அதில் இருநூற்றுப் பன்னிரண்டு. அவன் ஒன்று புள்ளி எட்டால் பெருக்கி முப்பத்திரண்டைக் கூட்டினான். நூற்று மூன்றுக்கு மேலே போனது. ஆலையில் எந்த அளவு என்று கேட்காமல் ஒரு மீட்டரையும் தொடாதவன், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டான்.

மேலாளரிடம் சொல்லிவிட்டுப் பைக்கை விரட்டினான். அம்மாக்கண்ணு அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். அடுப்பில் அவனுக்கென்று குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அடுப்பை அணைத்து, துண்டை நனைத்து அவள் நெற்றியில் போட்டான்.

ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியதும் சரியாகிப்போன காய்ச்சல்தான் அது. அந்த நேரத்தில் அவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. பைக்கில் ஏறச் சொன்னான். மாப்பிள்ளைக்குப் பின்னால் உட்காருவதா, பார்க்கிறவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று அவள் முனகினாள். அவன் விடவில்லை. ஏறியவள் இருவருக்கும் நடுவில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பும்போது பை நழுவி விழுந்தது. அவள் நெற்றி அவன் முதுகில் சாய்ந்தது. சட்டையைத் தாண்டிச் சுட்டது.

"பை விழுந்துருச்சுங்க மாப்ள."

"கெடக்கட்டும்மா. சாஞ்சிக்குங்க."

அவள் விலகவில்லை.