இல்லாத பாலத்துக்குத் திறப்பு விழா

தலாங்கன் ஊரின் ஓடையில் பாலம் கிடையாது. பாலத்துக்கான பேனர் மட்டும் உண்டு. 'உங்கள் கேப்டனின் அன்புப் பணி' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில், ஊரார் கேப்டன் என்று அழைக்கும் ஊர்த்தலைவர் எமிலியானோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். இரண்டு மழைக்காலம் கடந்தும் அந்தச் சிரிப்பு வெளுத்ததே தவிரக் குறையவில்லை. கல்லூரிக்குப் போகும் ரோவெனா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழேதான் தினமும் ஓடையில் இறங்குவாள்.

அலுவலகத்தில் போய்க் கேட்டால், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பார்கள். நடக்கிற வேலையை ஊருக்கே காட்டிவிடலாம் என்று அவள் தோழர்களைத் திரட்டினாள். பழைய செய்தித்தாளைக் கூழில் ஊறவைத்து, கேப்டனுக்குப் பூசணிக்காய் அளவில் ஒரு தலை செய்தார்கள். ஊர்த் திருவிழா அன்று, கூடைப்பந்துத் திடலில் நாடகம்.

தொடங்கும் நேரத்தில், நாடகத்தில் நடிக்கவிருந்த டிண்டோ வியர்த்துப்போய் ஓடிவந்தான். "அக்கா, முன்வரிசையில அவரே வந்து உக்காந்துட்டாரு. பேசாம காதல் கதையா மாத்திடலாமா?"

"காதல் கதையில உனக்கு யாரு ஜோடி, அந்தப் பேனரா? போய் ரிப்பனப் பிடி."

கேப்டன் வேஷத்தில், காகிதத் தலையின் வாய் ஓட்டை வழியாக ரோவெனாவுக்குக் கேப்டனின் முழங்கால்கள் மட்டுமே தெரிந்தன. வயிற்றை முன்தள்ளி, ரிப்பனை வெட்டி, காற்றில் நின்ற பாலத்தைத் திறந்துவைத்தாள். கிழவியாக வந்த பெண் கைப்பிடி எங்கே என்று கேட்டதற்கு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னாள். டிண்டோ அந்தப் பாலத்தின் நடுவில் தொப்பென்று விழுந்தான்.

"அவன் எதிர்க்கட்சி. நம்மாளுங்க விழமாட்டாங்க" என்றாள் ரோவெனா, கேப்டன் குரலில்.

முதலில் சிரித்தது கேப்டனின் மனைவி கோரிங். வாயிலிருந்த அரிசிக் கேக் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு திடலே சிரித்தது. கேப்டன் எழுந்தார். சட்டென்று எல்லாம் அடங்கியது. அவர் நேரே வந்து மைக்கைப் பிடித்தார்.

"நான் இப்படியா நடக்குறேன்? பாருங்க, இப்படித்தான் நடப்பேன்."

நடந்தும் காட்டினார். அச்சு அசல் ரோவெனா நடந்த நடை. கூட்டம் வெடித்துச் சிரித்தது. பாதி தூரத்தில் கேப்டனுக்கே அது புரிந்து, காது சிவந்து, அவரும் சிரித்துவிட்டார்.

ரோவெனா தலையைக் கழற்றினாள். "நடை எங்களுக்கு வந்துடுச்சு கேப்டன். பாலம் எப்போங்கிற வசனந்தான் எழுத வரல. நீங்களே சொல்லிடுங்க."

கேப்டன் அங்குமிங்கும் பார்த்தார். "சொல்லுங்களேன், ஊரே காது குடுத்துட்டு நிக்குது" என்றாள் கோரிங்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துவிடுவதாக அவர் சொன்னார். எந்த வருஷம் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இதே வருஷம்தான், சந்தேகமிருந்தால் ஊர்க்கூட்டத்துக்கு வந்து கேளுங்கள் என்று வாயை விட்டார்.

வந்துவிட்டார்கள். வழக்கமாகக் கேப்டனும் எழுத்தரும் வாசலில் தூங்கும் நாயும் மட்டுமே இருக்கும் கூட்டத்துக்கு, இளைஞர்கள் வீட்டிலிருந்தே நாற்காலி சுமந்து வந்தார்கள். இடம் போதாமல் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதமும் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஓடையில் தூண் எழுந்தது.

பாலத்தின் திறப்பு நாளில் கேப்டன் நீளமான உரையோடு வந்தார். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டபடி ஓடிக் கடந்துவிட்டார்கள். ரோவெனா நடுப்பாலத்தில் நின்று, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துப் பார்த்தாள். பாலம் அசையவில்லை. இன்னொரு முறையும் குதித்தாள், சும்மா சந்தோஷத்துக்கு.