மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஓர் அம்மா

மூன்று பண்ணைகள் கையை விரித்த பிறகுதான் பார்லர் அக்கா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்: வாடிக்கையாளர்கள்.

தெரு முழுக்க அவள் 'பார்லர் அக்கா'தான். மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, சுவரோரம் ஒரு மர பெஞ்சு, அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவரும் பத்து நிமிடத்தில் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். இத்தனை வருடமாகக் காது கொடுத்தவள் இப்போது தன் கதையை எடுத்துவிட ஆரம்பித்தாள்.

"என் பொண்ணு மாட்டு டாக்டருக்குப் படிக்கணுமாம். நாய், பூனை ஆஸ்பத்திரியில எல்லாம் வேலை பார்த்துட்டா. ஆனா பெரிய மிருகங்களோட நாப்பது மணி நேரம் வேலை செஞ்சேன்னு பண்ணைக்காரங்க கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்தாத்தான் காலேஜ்ல விண்ணப்பத்தையே வாங்குவாங்களாம். கேட்டுப் பார்த்தா ஒருத்தர் இன்சூரன்ஸ் இல்லேங்கறார். ஒருத்தர் பொண்ணுங்க வேண்டாங்கறார். இன்னொருத்தர் போனையே எடுக்கலை. இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச மாடு யாராவது இருக்கா?"

பேசிக்கொண்டே முடி வெட்டும் மிஷினின் பிளேடைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரின் பிடரி முடியை ஒதுக்கினாள். அவளுக்கு அது மூச்சு விடுவதைப் போல. மணிக்கட்டு தாங்காத சூட்டை இன்னொருத்தர் கழுத்தில் வைக்கக் கூடாது. பார்லர் திறந்த நாளிலிருந்து அவள் மாற்றாத சட்டம் அது.

பக்கத்து நாற்காலியில் பால் லாரி டிரைவரின் மனைவி முகத்தில் பூசிய களிம்பு காய்வதற்காகக் காத்திருந்தாள். உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர் பால் எடுக்கிற பண்ணை ஒண்ணு இருக்கு. நாப்பது மாடு. அந்த அம்மா கொஞ்சம் கறார்."

"கறார்னா?"

"எங்க வீட்டுக்காரர் லாரியை நேரா நிறுத்தற ஒரே இடம் அதுதான்."

அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விண்ணப்பப் படிவம் விரிந்தது. மகள் எழுத, அம்மா மேற்பார்வை. மகளுக்குப் பதினேழு வயது, அம்மாவைவிட அரை அடி உயரம். வீட்டில் இன்னும் 'பாப்பா'தான். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற ரகம். மிச்சம் எட்டையும் அம்மா பேசிவிடுவாள்.

'இதற்கு முன் செய்த வேலைகள்' என்ற இடத்தில் பாப்பா எழுதியிருந்தாள்: 'பன்னிரண்டு வயதிலிருந்து விடுமுறைகளில் அம்மாவின் பார்லரில் உதவி.'

அக்கா பேனாவைப் பிடுங்கி அந்த வரியை ஒரே இழுப்பில் அடித்தாள்.

"டாக்டருக்குப் படிக்கப் போறவ முடி கூட்டினேன்னு எழுதுவாளா? சிரிப்பாங்க."

"உண்மைதானேம்மா."

"உண்மையெல்லாம் எழுத இடம் பத்தாது."

பழுது பார்த்த லிஃப்டின் கிரீஸ் கையோடு வந்த அப்பா எட்டிப் பார்த்தார். "அவளை ஒரு வரி எழுத விடேன். இல்லேன்னா நீயே போய் மாட்டு டாக்டராயிடு."

மறுநாள் அம்மாவும் மகளும் ஸ்கூட்டரில் பண்ணைக்குப் போனார்கள். பண்ணைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் இறுக்கிக் கட்டிய துணி. பாப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"மாட்டுக்கிட்ட போயிருக்கியா?"

"அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மாடுன்னா உயிருங்க," என்றாள் அக்கா.

"காலையில அஞ்சரைக்கு வரணும். எழுந்திருப்பியா?"

"நாலு மணிக்கே எழுந்துடுவாளுங்க."

"பேசறது யாரு, படிக்கப் போறது யாரு?"

அக்கா வாயை மூடினாள். மூடிய வாயோடு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கையெழுத்துப் போடுகிறவருக்குச் சிரமம் இருக்கக் கூடாதே என்று முந்தின நாளே டைப் அடித்து வைத்திருந்த பாராட்டுக் கடிதம்.

பண்ணைக்காரம்மா சத்தமாகப் படித்தார். "'இவரைக் கண்டதும் மாடுகள் ஆனந்தத்தில் துள்ளிக் குதிக்கின்றன.'" கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். "துள்ளிக் குதிச்சா பால் கறக்கிறது யாரு?"

பாப்பாவுக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"பத்து நாள். தினம் நாலு மணி நேரம்," என்றார் பண்ணைக்காரம்மா. "கடிதத்தை நான் எழுதிக்கறேன். உன்னால என் மாடு ஒண்ணு மிரண்டாலும் அன்னிக்கோட கணக்கு முடிஞ்சுது. கையெழுத்தும் கிடையாது." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "அதோ தரையில மஞ்சள் கோடு தெரியுதா? அது வரைக்கும்தான் நீங்க. போன வருஷம் ஒரு பையனோட அம்மா குடையோட கொட்டகைக்குள்ள வந்தாங்க. அவங்க குடையை விரிச்ச சத்தத்துல ஆறு மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிச்சு. அதுல ஒண்ணு இன்னிக்கும் லாரி டிரைவர் குடையோட வந்தா பால் தர்றதில்லை."

இப்படியாகத் தொடங்கியது அக்காவின் தவம். பால் அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் அந்த மஞ்சள் கோடு. அக்கா பால் அறையில் ஒரு காலி கேனின் மேல் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகப் பார்ப்பாள். முதல் நாள் பாப்பா பூட்ஸை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்தாள். 'மாத்திப் போடுடி' என்று தொண்டை வரை வந்தது. அக்கா கைப்பையின் வாரைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் சாணி வண்டி சாய்ந்தது. வார். மூன்றாம் நாள் ஒரு கன்று பாப்பாவின் சட்டைக் காலரை நிதானமாகத் தின்றது. வார். நான்காம் நாள் வாரில் அழகாக ஒரு பல்வரிசை தெரிந்தது.

ஆனால் பாப்பா மாறிக்கொண்டே வந்தாள். தீவனம் அளந்தாள், தொட்டி கழுவினாள், கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்தாள். மாடுகளிடம் மெதுவாக ஏதோ பேசவும் செய்தாள். வீட்டில் அப்பாவிடம்கூட அவ்வளவு பேசியதில்லை.

ஒரே ஒரு மாடுதான் யாருக்கும் அடங்காது. அதற்குப் பேர் மேனேஜர். எல்லாத் தொட்டியிலும் மூக்கை விட்டுச் சோதனை போடும், எதிலும் திருப்தி கிடையாது, பிடிக்காதவர்களை உதைக்கும். கறவைக்காரர் ஏழு வருடத்தில் அதனிடம் வாங்கிய உதைகளுக்குத் தேதி சொல்வார்.

ஏழாம் நாள் வந்தது. மறுநாள் பால் கம்பெனியிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருவதாகத் தகவல். மாட்டின் மடியில் முடி வளர்ந்தால் சாணம் ஒட்டும், பால் சுத்தமாக இருக்காது. அதனால் நாற்பது மாட்டுக்கும் மடி முடியை மிஷினால் வெட்டியாக வேண்டும். கறவைக்காரர் மிஷினை ஓட்ட, பாப்பா மாட்டின் தலைப் பக்கம் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முதல் மாடு பேசாமல் நின்றது. இரண்டாவது காலை மாற்றி மாற்றி வைத்தது. ஐந்தாவது ஆட்டமே போட்டது. ஆறாவது மேனேஜர்.

மிஷின் மடியில் பட்டதுதான் தாமதம். வாளி ஒரு பக்கம் பறந்தது, கறவைக்காரர் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார். பாப்பாவின் கையிலிருந்த கயிறு உருவிக்கொண்டது. மேனேஜர் கொட்டகையின் கோடிக்கு ஓட, வழியில் நிறைந்திருந்த பால் கேன் ஒன்று உருண்டு, மஞ்சள் கோடு வரை வெள்ளையாக வழிந்தது.

சத்தம் கேட்டுப் பண்ணைக்காரம்மா வந்து நின்றார்.

"கயித்தை விட்டது யாரு?"

"நான்தான்," என்றாள் பாப்பா.

"முதல் நாளே என்ன சொன்னேன்?"

"மாடு மிரண்டா அன்னிக்கோட முடிஞ்சுதுன்னு சொன்னீங்க."

"அப்போ பூட்ஸைக் கழட்டிடு."

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு நாளில் இருபத்துநாலு மணி நேரம் முடிந்திருந்தது. பாக்கி பதினாறு. இன்னொரு பண்ணை தேட நாள் ஏது? இந்த வருடம் போனால் அடுத்த வருடம்தான். பேச வேண்டியவை வரிசை கட்டி நாக்கு நுனிக்கு வந்து நின்றன: சின்னப் பொண்ணுங்க, தெரியாமப் பண்ணிட்டா, போன பாலுக்கு நான் பொறுப்பு. காலைத் தூக்கினாள். கோடு. கால் அந்தரத்திலேயே நின்றது.

பாப்பா பூட்ஸைக் கழற்றவில்லை. அவள் பார்வை தரையில் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்த மிஷினில் இருந்தது.

"அதை ஒரு தடவை பார்க்கலாமா, மேடம்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து எடுத்தாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். பிளேடைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்தாள். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அக்காவின் கால் தானாகத் தரைக்கு இறங்கியது. அந்தக் கையசைவு அவளுடையது. அச்சு அசல் அவளுடையது. அவள் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து வருட விடுமுறைகளில் பார்த்துப் பார்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறாள் திருட்டுக் கழுதை.

"கொதிக்குது, மேடம்," என்றாள் பாப்பா. "முதல் மாட்டுக்கு ஆறியிருந்துது, அது சும்மா நின்னுது. போகப் போகச் சூடு ஏறியிருக்கு. எண்ணெயே இல்லை. முடி அடைச்சுக்கிட்டு வெட்டாம இழுக்குது. இதை என் கழுத்துல வச்சிருந்தா நானும் உதைச்சிருப்பேன்."

ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை. அக்கா எண்ணக்கூட மறந்துவிட்டாள்.

பண்ணைக்காரம்மா மிஷினை வாங்கித் தன் மணிக்கட்டில் வைத்தார். எடுத்தார். கறவைக்காரரைப் பார்த்தார். கறவைக்காரர் மேற்கூரையைப் பார்த்தார்.

"சரி பண்ணத் தெரியுமா?"

"தெரியும். ஆனா ஆறணும், நேரமாகும்." பாப்பா திரும்பினாள். "அம்மா, உன் பையில பிரஷ்ஷும் எண்ணெயும் இருக்கா?"

இருக்காவா? அந்தக் கைப்பையில் பணம் இல்லாத நாள் உண்டு, அவை இரண்டும் இல்லாத நாள் கிடையாது. அக்கா எடுத்துக்கொண்டு ஓடினாள். கோட்டின் விளிம்பில் சடக்கென்று நின்றாள். கட்டைவிரல் நுனி கோட்டில் படாமல், உடம்பை முன்னால் வளைத்து, கையை எட்டும் மட்டும் நீட்டினாள். அந்தக் கோலத்தைப் பார்த்த பண்ணைக்காரம்மா சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பாப்பா பிளேடைக் கழற்றினாள். பல்லில் சிக்கிய முடியை பிரஷ்ஷால் தட்டினாள். இறுகிக் கிடந்த திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மிஞ்சியதைத் துடைத்தாள். அக்காவுக்கு ஒரு திருத்தம்கூடக் கிடைக்கவில்லை. அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிளேடு ஆறிய பிறகு, மணிக்கட்டில் இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, பாப்பா மேனேஜரின் பக்கத்தில் போய் நின்றாள். முதலில் வெறும் சத்தத்தைக் கேட்க விட்டாள். பிறகு புறங்கையை அதன் விலாவில் வைத்தாள்.

"சூடா இல்லை, மேடம். நான் பார்த்துட்டேன்," என்றாள் தணிந்த குரலில். அந்த 'மேடம்' மாட்டுக்கு.

மேனேஜர் ஒரு பின்னங்காலைத் தூக்கியது. கறவைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். தூக்கிய காலை யோசித்து, மெதுவாகக் கீழே வைத்தது. அசை போட ஆரம்பித்தது. மடி முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

"ஏழு வருஷமா இது ரவுடின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் கறவைக்காரர்.

"ஏழு வருஷமா இதே மிஷினா, அண்ணா?"

"ஆமாம்மா."

"எண்ணெய் எப்ப விட்டீங்க?"

"எண்ணெய் விடணுமா?"

பண்ணைக்காரம்மா மேனேஜரின் முன்னால் போய் அதன் நெற்றியைத் தடவினார். "இந்தாளை நீ இன்னும் நாலு உதை உதைச்சிருக்கலாம்," என்றார்.

பூட்ஸைக் கழற்றும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஐந்து மாட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, மத்தியானத்துக்குள் நாற்பதையும் முடித்தார்கள். அக்கா அன்று பார்லரைத் திறக்கவே இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று, ஐந்து மாட்டுக்கு ஒருமுறை எண்ணெய் நீட்டினாள்.

பத்தாம் நாள் பால் அறையில் பண்ணைக்காரம்மா கடிதத்தை நீட்டினார். அக்கா டைப் அடித்த தாளின் பின்பக்கத்திலேயே, கட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

'இந்தப் பெண் பத்து நாளில் நாற்பது மணி நேரம் மாடுகளோடு வேலை செய்தாள். ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. முதல் நாள் பூட்ஸை மாற்றிப் போட்டாள், பிறகு போடவில்லை. ஏழு வருடமாக மாடு உதைத்தபோதெல்லாம் நாங்கள் மாட்டைத் திட்டினோம். இவள் மிஷினைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே பழகினாய் என்று கேட்டேன். அம்மாவின் பார்லரில் என்றாள். இவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாடுகளுக்கு இவள் டாக்டராக வரட்டும்.'

அக்கா இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"அந்தப் பூட்ஸ் விஷயம் வேணுங்களா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"உண்மைதானே," என்றார் பண்ணைக்காரம்மா.

அக்கா கைப்பையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்தாள். பால் கேனின் மூடியில் விரித்தாள். தான் அடித்த வரி கறுப்பாகக் கிடந்தது. அதற்குக் கீழே விரல் அகலத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவைத் திறந்து, அங்கே கொண்டுபோனவள், நிறுத்தி, மகளிடம் நீட்டினாள்.

"நீயே எழுது."

பாப்பா எழுதினாள். எழுத்து கோணலாக ஏறி, ஓரத்தில் இடம் போதாமல் கீழே மடங்கி இறங்கியது. கொஞ்சம் சின்னதாக எழுதியிருந்தால் ஒரே வரியில் அடங்கியிருக்கும்.

அக்கா கைப்பையின் வாரைத் தேடி எடுத்து, அழுத்தமாகக் கடித்துக்கொண்டாள்.