உறங்குமூஞ்சி

பொன்முடி பஸ் பதினெட்டாவது வளைவில் என்னை இறக்கிவிட்டது. கண்டக்டர் விசில் ஊதாமல் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தார், இன்னொருவர் இறங்க வேண்டும் என்பதுபோல. பிறகு ஊதினார். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நாங்கள் இங்கே இறங்குவோம். ஜானவி முதலில் குதிப்பாள், கேமரா பையை மார்போடு அணைத்துக்கொண்டு. முக்காலியும் தண்ணீர் பாட்டிலும் என் பொறுப்பு. இன்று அவள் பையும் என்னிடமே இருந்தது. பை நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இவ்வளவு கனத்தை அவள் தூக்கிக்கொண்டு இந்த ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடந்திருக்கிறாள் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மலைக்குக் கீழே நகரத்தில், சாலை பஜாரில் எங்களுக்கு இரும்புக்கடை. கயிறு, ஆணி, பெயிண்ட். ஞாயிறு மட்டும் விடுமுறை. கல்யாணமான முதல் ஞாயிறே ஜானவி ஐந்து மணிக்கு என்னை எழுப்பி புஞ்சக்கரி வயலுக்குக் கூட்டிப்போனாள். எனக்குப் பறவை என்றால் காகம், மைனா, கொக்கு. சேற்றில் குப்புறப் படுத்து ஒரு சிறிய பழுப்புக் குருவிக்காக இரண்டு மணிநேரம் காத்திருந்தவளை அன்று ஒரு விதமான பயத்தோடு பார்த்தேன். "தாணு, கொஞ்சம் நீங்கி நில்லு, உன் நிழல் விழுது" என்றாள். சிவதாணு என்ற என் தாத்தாவின் பெயரை வேறு யாரும் அப்படிச் சுருக்கியதில்லை. அதன்பிறகு எங்கே நின்றாலும் என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போதும் பார்க்கிறேன்.

இந்த வளைவுக்குக் கீழே எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தை ஒட்டி ஈற்றை என்னும் மெல்லிய மூங்கில் புதர் ஒன்று உண்டு. அதில்தான் தவளைவாயன் ஜோடி இருந்தது. காய்ந்த சருகு நிறத்தில் ஒரு பறவை. அகலமான வாய். இரவில்தான் பறக்கும். பகல் முழுக்க ஒரே கொம்பில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து சருகுபோல நடிக்கும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. எங்களுக்கு அதைக் காட்டியவள் லயத்தில் இருக்கும் உலகம்மாள். தேயிலை பறிக்கிறவள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் அதை உறங்குமூஞ்சி என்பாள். ஜானவிக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது. காலையில் நான் எழுந்திருக்கத் தாமதமானால் அதே பெயரால் என்னைக் கூப்பிடுவாள்.

அங்கே அவளுக்குச் சில கட்டளைகள் இருந்தன. ஃபிளாஷ் கூடாது. பத்து படம், பிறகு லென்சுக்கு மூடி. மொத்தம் ஐந்து நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து விரலால் அவள் முதுகில் தட்ட வேண்டும். தட்டியதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். ஞாயிறு மாலை வீட்டில் படங்களைக் கணினியில் ஏற்றியதும் முதல் வேலையாக ஒவ்வொன்றிலிருந்தும் இடக்குறிப்பை அழிப்பாள். அவள் கேமரா போனோடு சேர்ந்து எங்கே எடுத்தது என்பதையும் படத்துக்குள் எழுதி வைக்கும். நான் காப்பியோடு பின்னால் நிற்பேன். எத்தனையோ ஞாயிறு நின்றிருக்கிறேன்.

கூடு மட்டும் நாங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் தேடுவாள். "உள்ளங்கை அளவுக்கு ஒரு பஞ்சு மெத்தை, அதில ஒரே ஒரு முட்டை. பகல் பூரா அடைகாக்கறது யாருன்னு நினைக்கிறே? அவனாக்கும். அவ அந்திக்கு வந்து மாத்திவிடுவா. நீயும் படிச்சுக்கோ, கேட்டியா" என்பாள். சாம்பல் நிறம் ஆண், செம்பழுப்பு பெண். இது மட்டும் எனக்குப் பாடம்.

ஜூலையில் அவளுக்கு டெங்கு. ஒன்பது நாள்.

ஜனவரியில் அவள் பிறந்தநாள் வந்தது. அன்று கடைக்குப் போகவில்லை. அவளுடைய கணினியைத் திறந்தேன். கடைசியாக மே மாதம் எடுத்த படங்களை அவள் ஏற்றியிருக்கவில்லை, கேமராவிலிருந்து நானே ஏற்றினேன். அவற்றில் ஒன்றில் இரண்டு பறவைகளும் கன்னத்தோடு கன்னம் வைத்து உறங்கின. பறவைப் படக்காரர்கள் கூடும் இணையதளத்தில் அவள் பெயரிலேயே அதைப் போட்டேன். தேதி மட்டும் எழுதினேன். வேறு எழுத வரவில்லை. நிறையப் பேர் கீழே பூப்படம் போட்டார்கள். பதினொரு நாள் கழித்து அவளுடைய பறவைக் குழுவிலிருந்து ஸ்ரீஜித் கூப்பிட்டான்.

"தாணு சேட்டா, அந்தப் படத்தைக் களை. வேகம். மேப்ல ஸ்பாட் காணிக்குது."

"எந்த மேப்?"

"போட்டோக்குள்ள லொகேஷன் கிடக்கில்லே? சேச்சி எப்பவும் அழிச்சிட்டுத்தானே இடும். ஆளுங்க ஓடறாங்க சேட்டா அங்கே."

அன்றே படத்தைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் நீக்கி என்ன பயன். இரண்டு ஞாயிறு கடை ஷட்டருக்குள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஞாயிறு பஸ் ஏறினேன்.

உலகம்மாள் லயத்துக்குப் பின்னால் துவைகல்லில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார்வாள். அந்தப் பிள்ள எங்க? எம்மூஞ்சியில முழிக்க வெக்கமாயிருக்காக்கும்?"

நான் முக்காலியைக் கீழே வைத்தேன்.

"எங்கையப் புடிச்சு என்ன சொல்லிச்சு? உலகம்மாக்கா, யாருகிட்டயும் வாயத் தொறக்கப்படாது, சத்தியம் பண்ணுங்கன்னு. எம்மவன்கிட்டகூட நான் சொல்லல. அது என்னன்னா ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டிருக்கு. மொத ஞாத்துக்கெழம ஏழு வண்டி. ஒருத்தன் மறைக்குதுன்னு ஈத்தைய வெட்டுதான். ஒருத்தன் அது முழிக்கணும்னு கல்லெடுத்து எறியுதான். நல்லாப் படிச்ச புள்ளைன்னு நெனச்சேன். சீ."

சும்மா இருந்திருக்கலாம். அவள் திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே போயிருப்பாள். ஜானவிக்கு இனி யார் என்ன நினைத்தாலும் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மலையில் அவளைத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

"அவ சொல்லலை அக்கா. நானாக்கும் போட்டது."

"நீங்களா? நீங்க போடுத வரைக்கும் அது கையக் கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டிருந்துதாக்கும்?"

"அவ செத்துப்போயிட்டா. ஜூலைல. காய்ச்சல்."

நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் எல்லாரும் தவறிட்டா என்றார்கள். நான் எதுவும் சொன்னதில்லை, எனக்காக மற்றவர்கள் சொன்னார்கள். செத்துப்போயிட்டா என்று என் வாயால் சொன்னது இங்கேதான். சத்தம் சாதாரணமாகவே இருந்தது.

உலகம்மாள் பிழிந்து வைத்திருந்த சேலையை மறுபடி வாளியில் முக்கினாள். மறுபடி பிழிந்தாள். கொடியில் விரித்து ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கலாம்லா."

"நம்பர் இல்லை அக்கா."

"பஸ்ஸு இருக்குல்லா."

பஸ் இருந்தது. தினமும் இருந்தது.

பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். இரண்டு டம்ளர் எடுத்தவள் மூன்றாவதையும் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். குடிக்கும்போது தானாகவே பேசினாள். வந்தவர்களுக்கு முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாளாம். மறுவாரம் ஒருவன் ஈற்றையை வெட்டக் கத்தி கேட்டு அவள் வாசலிலேயே வந்து நின்றிருக்கிறான்.

"பொறவு நான் வழி சொல்லி விட்டேன். அந்தா அந்தச் சரிவுல, பாறைக்குப் பின்னாடி, ஒண்ணில்ல நாலு இருக்குன்னு. அங்க பூரா செந்தட்டிச் செடி. அரமணி நேரத்துல கையும் காலும் சொறிஞ்சுக்கிட்டு ஓடி வாரானுவ. ஒருத்தன் கழுத்துல அம்புட்டு பெரிய கேமராவத் தொங்கப்போட்டுக்கிட்டு, அத வச்சே சொறியுதான்."

என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஜானவியிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. உலகம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் டம்ளருக்குள் பார்த்தாள்.

"பறவை?"

"அன்னிக்கே போயிட்டு. மூணு வாரம் கொம்பு வெறுமனே கெடந்துது. நானும் சரி, அம்புட்டுத்தான்னு விட்டுட்டேன். முந்தாநேத்து வெறகு பொறுக்கப் போனேன். வாங்க. செருப்பக் கழத்துங்க."

பழைய இடத்தைக் கடந்தோம். வெட்டிய ஈற்றைகள் வெளுத்துக் கிடந்தன. ஒரு லென்ஸ் துடைக்கும் காகிதமும் கிடந்தது. பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் நாற்பதடி கீழே, முள்கொடி மூடிய ஒரு மரம். உலகம்மாள் விரலை நீட்டவில்லை. தாடையால் காட்டினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜானவி சொல்வதுபோல, சருகைத் தேடாதே, அசையாத சருகைத் தேடு. கொம்பு பிரியும் கவட்டில் ஒன்று அசையாமல் இருந்தது. சாம்பல் நிறம். அலகை வானத்துக்குத் தூக்கியபடி, ஒடிந்த குச்சிபோல. பக்கத்தில் வேறொன்றும் இல்லை. வலமும் இடமும் மேலும் பார்த்தேன்.

"ஒத்தையாத்தான் இருக்கு," அவள் என் காதருகே சொன்னாள். "மத்தது கல்லடிபட்டுச் செத்துப்போச்சோ என்னமோ."

அதன் அடியில் பாசியும் பஞ்சுமாக ஏதோ இருந்தது. அல்லது மரத்தில் வளர்ந்த வெறும் பாசி. மார்பு இறகு அதன்மேல் விழுந்து மூடியிருந்தது. லென்சில் பார்த்தால் தெரிந்துவிடலாம். இரண்டு எட்டு முன்னால் போனால் நிச்சயம் தெரியும். மிரண்டு அது பறந்துவிட்டால், முட்டை இருக்கிறதா என்பதும் தெரியும். பையின் ஜிப்பில் கை இருந்தது. என் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். பின்னால், உலகம்மாளின் காலடியில். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆனபோது என் முதுகில் தட்ட யாரும் இல்லை. நானே திரும்பினேன்.

துவைகல்லில் உட்கார்ந்தால் அந்த மரத்தின் மேல்பாதி தெரிகிறது. கவடு ஒரு கறுப்புப் புள்ளி.

"அஞ்சரை பஸ்ஸு கடசி," என்றாள் உலகம்மாள். "எவ்வளவு நேரம் அதையே பாத்துக்கிட்டு இருப்பீய?"

"பகல்ல இருக்கிறது ஆண் அக்கா. பெண் இருந்தா அந்திக்கு வந்து மாத்திவிடும்."

"யாரு சொன்னா?"

நான் கேமராவைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் விறகு வைக்கும் சத்தம் கேட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கியது. மேலே வளைவுகளில் பஸ் ஹார்ன் கேட்டது. ஒருமுறை, அடுத்த வளைவில் இன்னொரு முறை, பிறகு எனக்கு நேர் மேலே. நின்றது. கண்டக்டர் சற்று நேரம் பார்த்திருப்பார். பிறகு விசில். சத்தம் கீழே கீழே போய்க் கல்லாற்றுப் பக்கம் கரைந்தது. கேமரா என் மடியில் இருந்தது, லென்சில் மூடியோடு. பள்ளத்திலிருந்து பனிமஞ்சு ஏறி வந்து ஈற்றையை மூடியது, மரத்தை மூடியது. பிறகு கொஞ்சம் விலகியது. கவட்டில் அந்தப் புள்ளி இன்னும் இருந்தது. தலைக்கு மேலே எங்கோ ஒரு சிறகு அடித்ததுபோல இருந்தது. வௌவாலாக இருக்கலாம். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.