கடைசிப் பூச்சு

பழைய கார்களின் முகப்பு விளக்குகளைத் தேய்த்துத் தெளிய வைப்பதுதான் அவருடைய பிழைப்பு. தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்று கூப்பிட்டார்கள். விளக்கின் மூடி கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கடைப் பலகையிலும் அந்தப் பெயரையே எழுதிவிட்டார்.

பட்டறைகள் வரிசையாக இருந்த சந்தில், இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கொட்டகை. வெயிலில் கிடந்து மஞ்சள் பூத்த விளக்குகளோடு வண்டிகள் வரும். சுற்றியிருக்கும் பெயிண்டில் கீறல் விழாமல் டேப் ஒட்டுவார். சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, தண்ணீர் விட்டு விட்டு, பட்டுப்போன்ற தாள் வரைக்கும் தேய்ப்பார். அழுக்கு மஞ்சளாகத் தண்ணீர் பம்பரில் வழியும். பிறகு மெஷினில் பாலிஷ்.

"பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாலே போதும்னு வீடியோல சொல்றாங்களே?" என்று கேட்பவர்களிடம், "அப்போ பல்லுக்கு என்ன போடுவீங்க?" என்பார்.

பாலிஷோடு பாதி வேலைதான் முடிகிறது. கம்பெனியில் அடித்த பழைய பூச்சு தேய்ப்பதில் போய்விடும். அதற்குப் பதிலாக வெயிலைத் தாங்கும் புதுப் பூச்சு ஒன்றைத் தெளித்துக் காயவிட வேண்டும். அது இல்லையென்றால் அன்றைக்குப் பளபளக்கும் விளக்கு, நாலைந்து மாதத்தில் முன்பைவிட மோசமாக மங்கிப்போகும். பூச்சு காயாத வண்டியை அவர் வெளியே விட்டதில்லை. ஒரே ஒரு முறை விட்டார். அது அவருடைய சொந்த அண்ணனின் டாக்ஸி.

அப்போது அவர்களுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்து பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணி பகலில் துணைக்கு இருந்தாள். அண்ணன் சவாரிக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தது என்று வண்டியைக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டார். கண்ணாடிக்காரர் தேய்த்து, பாலிஷ் போட்டு, துடைத்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொரு காருக்கு முதலில் பூச்சைக் கலந்தார். அந்த நேரத்தில் அண்ணனின் போன் அடித்தது.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம். ஏறுடா வண்டியில."

"கலந்துட்டேண்ணே. விட்டா இறுகிடும். நீ முன்னாடி போ, ரெண்டு நிமிஷத்துல பின்னாலயே வந்துடறேன்."

அண்ணன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு, விளக்கைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பைக்கூடப் பிய்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷமானது. வழியில் நெரிசல். கண்ணாடிக்காரர் வார்டுக்குள் நுழைந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். நடைவழியில் சொந்தக்காரர்கள், நர்சுகள், முன்பின் தெரியாத நோயாளிகள் எல்லோர் முன்னாலும் அண்ணன் கேட்டார்:

"கடைசியா உன்னைத்தான்டா தேடினாரு. உனக்குக் கண்ணாடி தேய்க்கிறதுதான் பெருசாப் போச்சு இல்ல?"

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அண்ணனின் வண்டி பூச்சில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது இரண்டு வாரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அண்ணனுக்கு மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டார்.

"அண்ணி, அந்த லைட்டு அரைகுறையா நிக்குது. ஒரு மணி நேரம் வண்டிய விட்டா போதும். நான் இல்லாத நேரமா வேணும்னாலும் வரச் சொல்லுங்க, பக்கத்துப் பட்டறைக்காரரை அடிக்கச் சொல்றேன்."

"சொல்றேன் தம்பி," என்றாள் அண்ணி.

அண்ணன் வரவில்லை. சொல்லியும் வரவில்லை என்றால் அது அவர் பாடு என்று கண்ணாடிக்காரர் விட்டுவிட்டார்.

நாலாவது மாதம் ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரில் சிக்னலில் நின்றிருந்தபோது எதிர்வரிசையில் அண்ணனின் டாக்ஸி நின்றது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எரிகின்றன என்றுதான் சொல்ல முடியும். பால் திரிந்தது போன்ற இரண்டு வட்டங்கள், அவற்றுக்கு முன்னால் தரையில் வெளிச்சமே இல்லை. இந்த வண்டி இருட்டில் ஓடக்கூடாது என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. குறுக்கே ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். அண்ணன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. 'வேணும்னா வரட்டும்' என்று நினைத்தபடி கண்ணாடிக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த மாதம், தூறலும் மசங்கலுமான ஒரு மாலை, அண்ணனின் டாக்ஸி ஒரு பெண்மணியை இடித்துத் தள்ளியது. கடைத்தெருவின் மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரம்மா. கடையை மூடிவிட்டுச் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தாள். வலது கால் முழங்காலில் நொறுங்கிப்போனது.

அண்ணன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வேகம் அதிகமில்லை, குடிக்கவில்லை. பரிசோதித்த வாகன ஆய்வாளர் விளக்குகளைத்தான் குற்றம் சொன்னார்.

"இவ்வளவு மங்கினது உங்களுக்குத் தெரியலையா?"

"கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா எப்படிங்க தெரியும்? தினமும் அதே வண்டி, அதே ரோடு," என்றார் அண்ணன். "அஞ்சு மாசம் முன்னாடிதான் என் தம்பிகிட்ட சரிபண்ணினேன்."

மறுநாள் கொட்டகைக்கு விசாரிக்க வருவதாக ஆய்வாளர் சொல்லியனுப்பினார். அதற்கு முன்பே, காலையில் ஷட்டரைத் தூக்கும் நேரத்துக்கு அண்ணி வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. முக்காலியைப் போட்டும் உட்காரவில்லை.

"தம்பி, நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"லைட்டு விஷயத்தை. உங்க பேரை எடுத்தாலே தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவாரு. மனசு ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். அப்புறம் மறந்தே போச்சு. இப்போ தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாரு. அடிப்பாருன்னு சொல்லல தம்பி. பேசமாட்டாரு. உங்ககிட்ட இருக்கிற மாதிரி என்கிட்டயும் இருந்துடுவாரு. அந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?"

கண்ணாடிக்காரர் டேப் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். அவள் பேசப் பேச அவர் கண்ணில் நின்றது அந்தச் சிக்னல்தான். சொல்லாமல் விட்டது அண்ணி மட்டும் இல்லையே.

"நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்."

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். கூடவே அண்ணனும். கொட்டகை வாசலோடு நின்றுகொண்டார்.

"பூச்சு அடிக்காம வண்டிய விட்டீங்களா?"

"ஆமாங்க."

"திரும்பக் கொண்டுவரணும்னு ஓட்டுநருக்குத் தகவல் சொன்னீங்களா?"

வாசலில் நின்ற அண்ணனை அவர் பார்க்கவில்லை.

"இல்லீங்க. சொல்லல."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அந்தப் பதிலால் அண்ணனின் உரிமம் பிறகு மூன்று மாத நிறுத்தத்தோடு தப்பியது. ஆய்வாளர் கிளம்பியதும் அண்ணன் சந்தே கேட்கும்படி கத்தினார்:

"செத்தவருக்கும் வரல. உயிரோட இருக்கிறவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லல. நீயெல்லாம் ஒரு தம்பியாடா!"

பக்கத்துப் பட்டறைகளில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. ஒரே வாரத்தில் விஷயம் ஊரெல்லாம் பரவியது. மாதம் பத்து வண்டி அனுப்பிக்கொண்டிருந்த பழைய கார் வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். கொட்டகையைக் காலி செய்துவிட்டு, கண்ணாடிக்காரர் ஒரு கார் கழுவும் இடத்தில் நாள் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் தொட்டது தரைவிரிப்புகளை மட்டும்தான்.

அண்ணியால் அதைத் தாங்க முடியவில்லை. அண்ணன் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கிய அன்று, காபியைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கத்தவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். அவள் பயந்தபடியேதான் நடந்தது. அன்றிலிருந்து சாப்பாடு வேண்டும் என்பதைக்கூடத் தட்டை நகர்த்திக் காட்டினார்.

மூன்றாம் நாள் அண்ணன் கார் கழுவும் இடத்துக்கு வந்தார். தம்பி குழாயடியில் குந்தி விரிப்பை அலசிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"பொய் இல்லண்ணே. ஆக்சிடெண்டுக்கு முந்தின மாசம் சிக்னல்ல உன் வண்டியப் பார்த்தேன். லைட்டு செத்துப் போயிருந்துச்சு. பார்த்தும் சும்மா போயிட்டேன்."

குழாய்த் தண்ணீர் அண்ணனின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"நீ என் லைட்டையே உத்துப் பார்த்துட்டு இருந்த. நானும் பார்த்தேன்," என்றார். "பார்த்துட்டுத்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். என்னன்னு கேட்டிருக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை அறை. மெஷின் சுவரோரமாகத் துணி போட்டு மூடியிருந்தது. அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை மிதிக்கும் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அப்பா இறந்த நாள், பூச்சு, போன், சிக்னல். அண்ணன் தன் பங்கைச் சொன்னார். அண்ணியின் பேரை மட்டும் இருவருமே எடுக்கவில்லை. தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒருத்தரை ஒருத்தர் பார்த்தீங்க."

"ஆமாம்மா."

"ஒரு ஹாரன் அடிக்கத் தோணல."

அவள் சட்டையை மடியில் திருப்பிப் போட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்காதது உங்க வீட்டு விஷயம்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு என் காலை ஏன்யா எடுத்தீங்க?"

மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். அந்த அறையில் அதை எடுக்க வாய் வரவில்லை. அவள் அடுத்த பொத்தானை எடுத்தாள். ஊசியில் நூல் நுழைய மறுத்தது. சன்னல் பக்கமாகத் திரும்பி வெளிச்சத்தில் மறுபடி முயன்றாள். உதவலாமா என்று கேட்கக்கூட அவர்களுக்குத் துணிவில்லை.

சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்கள். அண்ணன் டாக்ஸியின் கதவைத் திறந்தார்.

"எந்தப் பக்கம் போற?"

"பஸ்ல போயிக்கறேண்ணே."

அண்ணன் வற்புறுத்தவில்லை. இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். உடம்பு எப்படி இருக்கு, மழை வருமா என்ற அளவுக்கு. அண்ணன் வீட்டில் அண்ணிக்கு அதுவும் கிடைக்கவில்லை. கடைத்தெருவின் மாடிப்படிக்குக் கீழே இப்போது வேறொருவர் செல்போன் பழுது பார்க்கிறார்.