கேட் வரைக்கும் காலை ஷிப்ட்

"ரெண்டு பேரும் கையை எடுங்க முதல்ல!" என்று விவியான் கத்தினாள்.

தேவாலயப் படியில் அவளுடைய அம்மா, காப்பிக்கடை யுகெத்தின் சவப்பெட்டி பாதி வெளியே, பாதி உள்ளே நின்றது. முன்பக்கக் கைப்பிடியை லுசியேன் பற்றியிருந்தார். விமானத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் காலை ஷிப்டில் இறக்கை பூட்டி ஓய்வு பெற்றவர். அதே கைப்பிடியின் மறுமுனையை ஹமீத் விடாமல் பிடித்திருந்தார். மதிய ஷிப்ட், இன்னும் ஓய்வு பெறவில்லை. இருவருக்கும் பின்னால் ஆளுக்கு ஒரு படை. நடுவே, கறுப்பு டை கட்டிய சவ ஊர்திக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நிக்குது மதாம். தூக்கவே வேண்டாம்" என்றார் அவர்.

"யோவ், யுகெத்தை வண்டியில ஏத்துவியா? வாழ்நாள் பூரா நடந்தவங்கய்யா அவங்க" என்றார் லுசியேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். எங்க தோள்ல வரட்டும்" என்றார் ஹமீத்.

"உங்க தோள்லயா? காலையில கதவு திறந்ததும் முதல் காப்பி யாருக்கு? எங்களுக்கு!"

"ராத்திரி கடைசிக் கிளாஸ் யாருக்கு? சாவும்போது யாரு பக்கத்துல இருந்தது?"

அது உண்மைதான். மூன்று நாளைக்கு முன் மதிய ஷிப்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் யுகெத் போய்ச் சேர்ந்தாள்.

வடக்கே லீல் நகரத்திலிருந்து ரயிலேறும்போது விவியானின் மனதில் இருந்தது பத்துப் பேர், ஒரு ஜெபம், அடக்கம், திரும்புகிற ரயில். செய்தித்தாளில்கூட அறிவிப்புக் கொடுக்கவில்லை. ஆனால் அம்மாவின் ஊரான கொலோமியேயில் அறிவிப்பு எதற்கு? தொழிற்சாலைக்குள் ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், ஷிப்ட் மாறும்போது ஊருக்கே தெரிந்துவிடும். தேவாலயம் கொள்ளாமல் சதுக்கம் வரை கூட்டம். நீலச் சட்டையோடு நேராக வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பொறியாளர்கள். அத்தனை பேரும் அவளிடம் வந்து கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டு, "உங்க அம்மா எங்க அம்மா மாதிரி" என்றார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா இத்தனை பேருக்கு அம்மாவாக இருந்ததால்தானே தனக்கு மிச்சம் கிடைக்கவில்லை?

ஹமீத் அவள் பக்கம் திரும்பினார். "உங்க அம்மா எப்படிப் போனாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

"மாரடைப்புன்னாங்க."

"சூப்புப் பாத்திரத்தை வச்சிட்டு, எங்க மேசைகிட்ட ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அவ்வளவுதான். கடையில அவங்க உக்காந்து நாங்க பார்த்ததே இல்ல. உக்காந்ததுமே எனக்குப் பகீர்னுச்சு."

பின்னாலிருந்து ஒருவர், "உக்காந்துட்டு, 'ஹமீத், சூப்புல உப்பு ஜாஸ்தி, பேசாம குடி'ன்னாங்க. அதுதான் கடைசிப் பேச்சு" என்றார்.

"நெசமாவே ஜாஸ்தியா?" என்று கேட்டார் லுசியேன்.

"கடல் மாதிரி."

லுசியேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. ஹமீதுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் கைப்பிடியை விடாமலே சிரிக்க, சவப்பெட்டியும் லேசாக ஆடியது. விவியான் முகத்தை இறுக்கிவைக்கத்தான் முயன்றாள். முடியவில்லை. மூன்று நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "சரி, கேளுங்க. இங்கேருந்து தொழிற்சாலை கேட் வரைக்கும் காலை ஷிப்ட். கேட்லேருந்து கல்லறை வரைக்கும் மதிய ஷிப்ட். இதுக்கு மேல யாராவது வாயத் திறந்தா வண்டியில ஏத்திடுவேன்."

"கேட் வழியாப் போனா சுத்து மதாம்!" என்றார் ஊர்திக்காரர் பரிதாபமாக.

"சுத்தட்டும்."

ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். செங்கல் வீடுகளுக்கு நடுவே ஊர்வலம் இறங்கியது. காலி ஊர்தி பின்னால் ஊர்ந்து வந்தது. ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு வாசலுக்கு வந்து சிலுவை போட்டுக்கொண்டாள். பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி ஜன்னல் வழியே காட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரேதான் யுகெத்தின் கடை. இரும்புக் கதவு இறங்கியிருந்தது. சரியாக அப்போது ஷிப்ட் மாறும் நேரம். வெளியே வருகிறவர்களும் உள்ளே போகிறவர்களும் சாலையின் இரு புறமும் அப்படியே நின்றுவிட்டார்கள். காவலாளி கேட்டின் தடுப்புக் கம்பத்தை உயர்த்திப் பிடித்தார், எந்த வண்டியும் வராமலே.

ஹமீத் முன்னால் வந்து நின்றார். ஷிப்ட் ஒப்படைக்கும்போது தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "என்ன முடிஞ்சுது, என்ன பாக்கி?"

லுசியேன் நிமிர்ந்தார். "பூசை முடிஞ்சுது. இடது பக்கம் கொஞ்சம் சாயுது, அங்க தூக்குற மொரீஸ் குள்ளம். மத்தபடி… பத்திரமாப் பார்த்துக்கங்கடா."

பெட்டி தோள் மாறியது. ஹமீதின் ஆட்களில் ஒருவர் நாலடி வைத்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். யாரும் அழைப்பதற்கு முன் விவியான் குதிகால் செருப்பைக் கழற்றி ஊர்திக்காரர் கையில் திணித்துவிட்டு அந்த இடத்தில் தோள் கொடுத்தாள். மரம் கன்னத்தில் உரசியது. அவளுக்கு முன்னால் ஹமீதின் பிடரி மட்டும் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பிடரி பேசியது. "சின்ன வயசுல பள்ளிக்கூட நாடகத்துல நீங்க முட்டைக்கோசா நடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ரோஜா. முட்டைக்கோசு இல்ல."

"எங்ககிட்ட முட்டைக்கோசுன்னுதான் சொன்னாங்க."

"யாரு?"

"உங்க அம்மாதான். வேற யாரு?"

விவியான் மூச்சுவாங்கினாள். "அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க வரவே இல்லையே."

"வந்தாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. மதியச் சாப்பாட்டுக் கூட்டம். திடீர்னு என்னைக் காப்பி மெஷின்கிட்ட நிறுத்திட்டு, 'யாரு என்ன கேட்டாலும் குடுத்திரு'ன்னுட்டு ஓடினாங்க. எனக்குக் காப்பி போடவே தெரியாது. அன்னைக்கு எல்லாரும் வெந்நீர்தான் குடிச்சாங்க. கதவோரமா நின்னு பார்த்துட்டு, ஏப்ரனோடவே திரும்பி ஓடி வந்தாங்க. வந்து கடை நடுவுல நின்னு முழுசா நடிச்சுக் காட்டினாங்க. நீங்க எப்படி மலர்ந்தீங்கன்னு."

"எப்படி?"

"ரெண்டு கையையும் மேல தூக்கி. ஆனா உங்களுக்குப் பச்சைத் துணி ஜாஸ்தி போல. அதான் முட்டைக்கோசு."

"ரோஜா நடுவுல இருந்துச்சு. இலை வெளியில" என்றாள் விவியான். பெட்டி ஒருமுறை தாழ்ந்தது. பின்னாலிருந்தவர் தன் தோளைச் சற்று உயர்த்திக்கொண்டார். கல்லறை வரும்வரை ஹமீத் திரும்பிப் பார்க்கவில்லை.

மண் போட்டு முடித்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. விவியானே கடையின் இரும்புக் கதவைத் தூக்கினாள். யார் யாரோ வீட்டிலிருந்து பாத்திரங்கள் வந்தன: வாத்துக்கறியும் வெள்ளை பீன்ஸும், சுருட்டிய நீளச் சாசேஜ், பிளம் பழம் வைத்த அப்பம். காப்பி மெஷினை லுசியேன் கைப்பற்றினார். மதிய ஷிப்டில் பாதிப் பேர் உள்ளே வேலைக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. மேலாளரே ஒரு மூலையில் சாசேஜ் கடித்துக்கொண்டிருந்ததால் கேட்க ஆளும் இல்லை. ஊர்திக்காரருக்கும் ஒரு தட்டு. அவர் டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு இரண்டாம் முறையும் பீன்ஸ் கேட்டார்.

"ரயிலுக்கு நேரமாகலையா பொண்ணே?" என்றார் லுசியேன்.

"நாளைக்கும் ரயில் ஓடும்."

தரையில் இன்னும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தாள். யாரோ கிளாஸைக் கரண்டியால் தட்டினார்கள். "மகள் பேசட்டும்! மகள் பேசட்டும்!"

முதலில் மறுத்தாள். பிறகு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கடை அடங்கியது. வெளியே காற்று திசை மாறியிருந்தது, விமானங்கள் இனி ஊருக்கு மேலேதான் கிளம்பும்.

"நீங்க யாரும் கேள்விப்படாத ஒண்ணு சொல்றேன்" என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை, எனக்கு ஆறு வயசு இருக்கும், கடை லீவு. எங்கம்மா என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு—"

தொழிற்சாலை ஓடுதளத்திலிருந்து கிளம்பிய விமானம் கூரைக்கு நேர் மேலே வந்தது. அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. ஹமீதின் கோப்பை உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. லுசியேனின் கை மெஷின் பிடியில் நின்றது. விமானம் போகும்போது ஊரே பேச்சை நிறுத்துகிற மாதிரி விவியானும் நிறுத்தியிருந்தாள், வாய் பாதி திறந்தபடி, ஒரு கை அங்கே இல்லாத அம்மாவின் கையைப் பிடித்ததுபோல் மேலே நீண்டபடி.

சத்தம் மெதுவாக மேற்கே தேய்ந்தது. எல்லாக் கண்களும் அவள் மேல் இருந்தன.

"—ஊர்க் கடைசியில இருக்கிற குளத்துக்குப் போனாங்க, நாங்க ரெண்டு பேர் மட்டும்" என்றாள்.